டெபியன் 12: /பூட் நிறைந்து கெர்னல் அப்டேட் பாதியில் நிற்கிறது. மீட்பது எப்படி, இனிப் பராமரிப்பது எப்படி?

கரிசல்

வணக்கம் நண்பர்களே. டெபியன் 12 ஓடும் மூன்று சர்வர்களில் ஒரே சிக்கல். ரூட் (முதன்மைக் கோப்பு அமைப்பு) எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தருக்கப் பகுதிகளாகப் பிரித்தாளும் முறை) மேல் இருக்கிறது. /பூட் மட்டும் தனி பார்ட்டிஷன். "டிஎஃப் -ஹெச் /பூட்" கொடுத்தால் மொத்தம் 236 எம்பி, மீதி 20 எம்பிகூட இல்லை. மூன்று கெர்னல்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. நான்காவது வந்தபோது "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்" இடம் இல்லை என்று நின்றுவிட்டது. அதிலிருந்து "அப்ட்" எதை நிறுவினாலும் கடைசி வரியில் அதே பிழைதான். இன்னும் ரீபூட் செய்யவில்லை.

தெரிய வேண்டியவை மூன்று. இதை எப்படிப் பத்திரமாக மீட்பது? புதிய நெட்வொர்க் கார்டுக்காக 6.1-லிருந்து 6.12-க்குப் போகும் யோசனை இருக்கிறது. டெபியன் தருவதையே எடுப்பதா, மூலத்திலிருந்து கம்பைல் செய்வதா? மூன்றாவது சர்வர் வேறு ஊரில் இருக்கிறது, ஸ்கிரீன் கிடையாது, எஸ்எஸ்ஹெச் மட்டும்தான். அதில் புதிய கெர்னலைப் பூட் செய்து பார்ப்பது எப்படி?

---

நொய்யல்

முதலில் ஒன்று: மீட்டு முடிக்கும்வரை எந்த மெஷினையும் ரீபூட் செய்ய வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மீதி எளிது.

கெர்னல் பேக்கேஜ் நிறுவப்படும்போது கெர்னல் கோப்பு (ஏறத்தாழ 8 எம்பி) முதலில் /பூட்டுக்குள் வந்துவிடும். அடுத்து "/எட்ச்/கெர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி" அடைவில் உள்ள ஸ்கிரிப்டுகள் வரிசையாக ஓடும். அதில் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டைத் திறக்கும்வரை கெர்னல் பயன்படுத்தும் சிறு தற்காலிகக் கோப்பு அமைப்பு) ஸ்கிரிப்ட் முன்னால், கிரப் (எந்தக் கெர்னலைத் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் லோடர்) மெனுவை எழுதுவது கடைசியில். நடுவில் இடம் போதாமல் முதல் ஸ்கிரிப்ட் விழுந்தால் கிரப் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. எனவே இந்த நிமிடம் உங்கள் மெனுவில் பழைய கெர்னல்கள் மட்டும்தான் இருக்கும், ரீபூட் ஆனாலும் எழுந்துவிடும். ஆனால் வேறு ஏதாவது ஒரு பேக்கேஜ் "அப்டேட்-கிரப்" ஓட்டிவிட்டால் போச்சு. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத புதிய கெர்னல் மெனுவின் தலையில் ஏறிக்கொள்ளும். அடுத்த பூட்டில் "விஎஃப்எஸ்: அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)" என்ற பேனிக்தான் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவது) கிடைக்கும். எல்விஎம்மைத் திறக்கும் கருவிகள் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்தான் இருக்கின்றன. அது இல்லாமல் கெர்னலுக்கு ரூட் எங்கே என்றே தெரியாது.

மீட்பு இப்படி. "யூநேம் -ஆர்" கொடுத்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். "டிபிகேஜி -எல் | கிரெப் லினக்ஸ்-இமேஜ்" பட்டியலில் சரியாக நிறுவியவற்றின் முன் "ஐஐ" என்றும், பாதியில் நின்றதன் முன் "ஐஎஃப்" என்றும் இருக்கும். ஓடிக்கொண்டிருப்பதையும் "ஐஎஃப்" உள்ளதையும் விட்டுவிட்டு, ஆகப் பழைய ஒன்றைத் தேர்ந்தெடுத்து "டிபிகேஜி --பர்ஜ்" கொடுத்து அதன் முழுப் பேக்கேஜ் பெயரைத் தாருங்கள். இங்கே "அப்ட்" வேண்டாம், "டிபிகேஜி" போதும். அப்ட் பாதியில் நின்ற பேக்கேஜையும் சேர்த்து இழுத்து முடிக்கப் பார்க்கும். டிபிகேஜி சொன்ன ஒன்றை மட்டும் தொடும். பிறகு "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". இது நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து, இனிட்ராம்எஃப்எஸ் செய்து, கிரப் மெனுவையும் எழுதிவிடும். கடைசியில் "எல்எஸ் -எல் /பூட்" பார்த்து ஒவ்வொரு கெர்னலுக்கும் ஜோடியாக ஒரு இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறதா, அளவு மற்றவற்றுக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று கண்ணால் சரிபாருங்கள். பூஜ்ஜிய பைட் கோப்பு இருந்தால் ரீபூட் கூடாது.

/பூட்டுக்குள் போய் "ஆர்எம்" அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கோப்பு போனாலும் பேக்கேஜ் இருப்பதாக டிபிகேஜி நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்" வரும்போது குழப்பம் தொடங்கும்.

இனி இடம். உங்கள் கணக்கையே பாருங்கள்: ஒரு கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் 60 எம்பி, கெர்னல் கோப்பு 8 எம்பி, ஆக 68. மூன்றுக்கு 204. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும்போது புதியது ".நியூ" என்ற ஒட்டுடன் முழுதாக எழுதப்பட்ட பிறகே பழையதன் இடத்துக்கு நகர்த்தப்படும். அதாவது இருக்கும் கெர்னலுக்கு வெறும் புதுப்பிப்பு என்றாலும் 60 எம்பி காலி இடம் வேண்டும். 236 எம்பியில் இரண்டு கெர்னல்தான் நிம்மதியாக வாழும்.

சுருக்க ஒரு வழி: "/எட்ச்/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்" கோப்பில் "மாட்யூல்ஸ்=மோஸ்ட்" என்பதை "மாட்யூல்ஸ்=டெப்" ஆக்கி, "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே" கொடுத்துப் பதிப்பைச் சொல்லுங்கள். அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும். அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விலை என்னவென்றால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கன்ட்ரோலர் உள்ள மெஷினில் மாட்டினால் பூட் ஆகாது. எனவே மெனுவில் ஒரு பழைய கெர்னலையாவது "மோஸ்ட்" அமைப்பிலேயே விட்டுவையுங்கள். புதிதாக நிறுவும் மெஷின்களுக்கு /பூட் 1 ஜிபி கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

ஏன் தானாகச் சுத்தமாகவில்லை என்றும் பாருங்கள். "அப்ட்-மார்க் ஷோமேனுவல் | கிரெப் லினக்ஸ்-இமேஜ்" கொடுத்தால் "லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64" என்ற மெட்டா பேக்கேஜ் (ஆகப் புதிய கெர்னலை இழுத்துவரும் பெயரளவுப் பேக்கேஜ்) மட்டும் வர வேண்டும். எண் போட்ட கெர்னல்கள் அந்தப் பட்டியலில் வந்தால், யாரோ அவற்றைப் பெயர் சொல்லி நிறுவியிருக்கிறார்கள். "ஆட்டோரிமூவ்" அவற்றைத் தொடாது. "அப்ட்-மார்க் ஆட்டோ" கொடுத்து மாற்றுங்கள். அப்புறம் "அப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்" ஓடும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் ஆகப் புதியதையும் விட்டுவிட்டு மற்றதைத் துடைக்கும்.

---

பனையோலை

நொய்யல் சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. "அப்ட்-கெட் அப்கிரேட்" மட்டும் ஓட்டும் கிரான் வேலை ஏதும் இருந்தால் மாற்றிவிடுங்கள். டெபியன் கெர்னலின் ஏபிஐ (மாட்யூல்களோடு பொருந்துவதற்கான பைனரி இடைமுகம்) எண் மாறும்போதெல்லாம் அது புதுப் பெயருள்ள பேக்கேஜாக வரும். "அப்ட்-கெட் அப்கிரேட்" புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காது, "கெப்ட் பேக்" என்று ஒதுக்கிவைத்துவிடும். மாதக்கணக்கில் பழைய கெர்னலிலேயே மெஷின் ஓடும், அப்டேட் நடக்கிறது என்ற நம்பிக்கையும் இருக்கும். "அப்ட் அப்கிரேட்" என்றால் இந்தச் சிக்கல் இல்லை. "அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்" புதிய கெர்னலை நிறுவும், ஆனால் இயல்பாக ரீபூட் செய்யாது. நிறுவிய கெர்னல் வேறு, ஓடும் கெர்னல் வேறு. பாதுகாப்புத் திருத்தம் ரீபூட்டுக்குப் பிறகுதான் உயிர்பெறும்.

இன்னொன்று: "யூநேம் -ஆர்" காட்டும் 6.1.0-15-ஏஎம்டி64 என்பது உண்மையான பதிப்பு அல்ல, பேக்கேஜின் பெயர். உண்மையான எண் "யூநேம் -வி"-யில் இருக்கும். அந்த 15 என்பது 6.1.66, அதற்கு முந்தைய 14 என்பது 6.1.64. இந்த இரண்டு எண்களைச் சும்மா எடுக்கவில்லை, கீழே வருகிறேன்.

6.1-ஆ 6.12-ஆ என்பதற்கு முன் கெர்னல் எப்படி வெளிவருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு பதிப்பு. முதல் இரண்டு வாரம் புதிய வசதிகளைச் சேர்க்கும் காலம்; பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வீதம் 7 அல்லது 8 ஆர்சி வரை பிழை திருத்தம் மட்டும். வெளியான பதிப்பு ஸ்டேபிள் குழுவின் கைக்குப் போகும்; கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆண்டின் கடைசிப் பதிப்பு பெரும்பாலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பாகிறது: 2022 டிசம்பரில் 6.1, 2023 அக்டோபரில் 6.6, 2024 நவம்பரில் 6.12. ஸ்டேபிளில் சேரும் திருத்தம் முதலில் மூலக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி இருப்பதால்தான் 6.1-ல் சரிசெய்த பிழை 6.12-க்கு மாறும்போது திரும்பி வராது.

டெபியன் 12 இந்த 6.1 வரிசையிலேயே நடக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 6.12-ல் நடக்கிறது. எனவே 6.12 உண்மையிலேயே வேண்டும் என்றால் என் பரிந்துரை டெபியன் 13-க்கே மாறுவது. அது உடனே முடியாதென்றால் "புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்" (புதிய பதிப்புகளை டெபியன் 12-க்குக் கட்டித்தரும்) களஞ்சியத்தைச் சேர்த்து "அப்ட் இன்ஸ்டால் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64". அது கையொப்பமிட்ட கெர்னல், செக்யூர் பூட்டிலும் (கையொப்பத்தைச் சரிபார்த்தே பூட் செய்யும் அமைப்பு) ஓடும். ஆனால் பேக்போர்ட்ஸை டெபியனின் பாதுகாப்புக் குழு தன் பொறுப்பில் வைத்திருப்பதில்லை. இடைக்கால ஏற்பாடாக மட்டும் வையுங்கள்.

"எந்தப் பாதுகாப்புத் திருத்தம் நமக்குத் தேவையோ அதை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்வோம்" என்று சிலர் இறங்குவார்கள். அது வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடையாள) எண்களைக் கொடுக்கிறது. கெர்னலுக்குள் எந்தப் பிழையும் ஒருநாள் ஓட்டையாகலாம் என்பதால் எண்கள் மளமளவென்று வருகின்றன. ஒவ்வொன்றாகப் படித்து, நம் அமைப்புக்குப் பொருந்துமா என்று பிரிப்பது ஒரு குழுவின் முழுநேர வேலை. தனித்தனியாகப் பொறுக்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதற்குச் சாட்சி 6.1.64.

2023 நவம்பர் கடைசியில் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்புக்கான ஒரு திருத்தம் 6.1.64-க்குக் கொண்டுவரப்பட்டது. மூலக் கிளையில் அது ஐஓமேப் பகுதியில் செய்த இன்னொரு மாற்றத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த முன் மாற்றம் 6.1-க்கு வரவில்லை. விளைவு, டைரக்ட் ஐஓ (கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கில் எழுதும்) முறையில் எழுதி முடித்ததும் கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடம் தவறியது, தரவு சிதைந்தது. டெபியன் 12.3 இதே கெர்னலுடன் டிசம்பர் 9 அன்று வெளிவர இருந்தது. குறுந்தகடு இமேஜ்களை நிறுத்திவைத்தார்கள்; 6.1.66 கொண்ட 12.4 அடுத்த நாளே வந்தது. இரண்டு பேட்சும் தனித்தனியாகச் சரியானவை. ஒன்றில்லாமல் மற்றது வந்ததுதான் கேடு. கெர்னலை நன்கு அறிந்தவர்கள் செய்யும் வேலையிலேயே இது நடக்கும் என்றால், வீட்டில் உட்கார்ந்து பேட்ச் பொறுக்கினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஸ்டேபிள் வெளியீட்டை முழுதாக எடுங்கள். மூன்று சர்வரில் ஒன்றில் மட்டும் முதலில் போட்டு, இரண்டு நாள் உண்மையான வேலை கொடுத்துப் பார்த்தபின் மற்ற இரண்டுக்கும் போங்கள். பேக்கப் அதற்கு முந்தின இரவு எடுத்ததாக இருக்கட்டும்.

---

தறி

கம்பைல் செய்யும் பக்கத்தை நான் சொல்கிறேன். டெபியனில் இல்லாத டிரைவர் வேண்டும், ஒரு பேட்சைச் சோதிக்க வேண்டும், பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேட வேண்டும்: இந்த மூன்றுக்கும் கம்பைல் செய்வது நியாயம். "வேகமாக ஓடும்" என்பதற்காகச் செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியாது, பராமரிப்பு மட்டும் தலையில் ஏறும். ஏனெனில் அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்டேபிள் வெளியீட்டுக்கும் நீங்கள்தான் மறுபடி கட்ட வேண்டும்.

தேவையானவை: பில்ட்-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, ஆர்சிங்க், டெப்ஹெல்பர், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், டுவார்வ்ஸ். கடைசியாகச் சொன்னதை மறப்பவர்கள் அதிகம். பிடிஎஃப் (கெர்னலின் தரவு வகைகளை விவரிக்கும்) தகவலை உருவாக்கும் "பாஹோல்" கருவி அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வசதி கெர்னல் அமைப்பிலிருந்தே சத்தமில்லாமல் விலகிவிடும்.

கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து எக்ஸ்இசட் கோப்பையும் அதன் கையொப்பக் கோப்பையும் இறக்குங்கள். கையொப்பம் அழுத்திய கோப்புக்கு அல்ல, விரித்த டார் கோப்புக்கு. எனவே முதலில் "அன்எக்ஸ்இசட்", பிறகு "ஜிபிஜி --வெரிஃபை". வரிசை மாறினால் கையொப்பம் தவறு என்று வரும், கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பை /பூட்டிலிருந்து ".கான்ஃபிக்" என்ற பெயரில் மூல அடைவுக்குள் நகலெடுங்கள். "மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்" கொடுத்தால் புதிய பதிப்பில் சேர்ந்த தேர்வுகள் பட்டியலாக வரும், ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். பிறகு "மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்" அவை எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பைப் போட்டுவிடும்.

இங்கே இரண்டு இடறல். டெபியனின் கான்ஃபிக்கில் "சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்" என்ற மதிப்பு டெபியனின் சான்றிதழ் கோப்பைச் சுட்டும்; உங்கள் மூல அடைவில் அந்தக் கோப்பு கிடையாது. "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று பாதியில் நிற்கும். "ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --செட்-ஸ்டிர் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்" கொடுத்து வெற்று மேற்கோளைத் தாருங்கள். இரண்டாவது, டீபக் தகவல். அது இயங்கியிருந்தால் கட்டும் அடைவு மட்டும் 20 ஜிபியைத் தாண்டும். மெனுகான்ஃபிக்கில் "கெர்னல் ஹேக்கிங்" பகுதிக்குப் போய் டீபக் தகவல் வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப்பும் சேர்ந்து போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும்) கருவிகள் பயன்படுத்துகிறவர்கள் டீபக் தகவலை வைத்திருந்தே ஆக வேண்டும்.

"மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்" பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். கட்டும் நேரம் வெகுவாகக் குறையும். பிழை தேடும்போது அருமையான வசதி. ஆனால் அந்த நொடியில் செருகாத யூஎஸ்பி டிஸ்க், ஏற்றாத எக்ஸ்எஃப்ஏடி, தொடங்காத விபிஎன், எல்லாம் போய்விடும். சர்வருக்கு நிரந்தரக் கெர்னலாக அதை வைக்காதீர்கள்.

பிறகு "மேக் -ஜே8 பிண்டெப்-பேக்கேஜ் லோக்கல்வெர்ஷன்=-சோதனை1" போல ஒரு கட்டளை (ஒட்டுப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்). 8 என்பது உங்கள் கோர்களின் எண்ணிக்கை. நினைவகம் குறைந்த மெஷினில், கடைசியாக எல்லாவற்றையும் இணைக்கும் இடத்திலும் பாஹோல் ஓடும் இடத்திலும் "கில்ட்" என்று மட்டும் சொல்லி நிற்கும். அப்போது எண்ணைக் குறையுங்கள். மேல் அடைவில் டெப் கோப்புகள் கிடைக்கும். இமேஜும் ஹெடர்ஸும் மட்டும் நிறுவுங்கள். "லினக்ஸ்-லிப்சி-டெவ்" என்று ஒன்றும் இருக்கும். அதை நிறுவினால் டெபியனின் தலைப்புக் கோப்புகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விட்டுவிடுங்கள்.

டெப் வழியில் போகாமல் "மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்" செய்வோருக்கு: "இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1" சேர்க்காவிட்டால் டீபக் தகவலோடு மாட்யூல்கள் போய் உட்காரும், இனிட்ராம்எஃப்எஸ் சில நூறு எம்பி ஆகிவிடும். கரிசலின் 236 எம்பி /பூட்டில் அது ஒன்றுகூட நுழையாது.

செக்யூர் பூட் இயங்கினால் நீங்கள் கட்டிய கெர்னலை ஷிம் (கையொப்பத்தைச் சரிபார்க்கும் முதல் பூட் நிரல்) ஏற்காது. சொந்தச் சாவி செய்து, "மோக்யூடில் --இம்போர்ட்" மூலம் சேர்த்து, அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் "என்ரோல் மோக்" தேர்ந்து, கெர்னல் கோப்பை "எஸ்பிசைன்" கொண்டு கையொப்பமிட வேண்டும். அந்த நீலத்திரை பூட்டின்போது மட்டும் வரும், கீபோர்டு வேண்டும். தொலைவில் உள்ள சர்வரில் இது நடக்காது. டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தானாக மறுபடி கட்டும் கருவி) மாட்யூல்களுக்கும் இதே கதைதான், அவற்றின் சாவி "/வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப்". அது சேராவிட்டால் "கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்" என்று மாட்யூல் ஏற மறுக்கும்.

வெளியிலிருந்து வரும் மாட்யூல் எதுவாக இருந்தாலும் 6.1-லிருந்து 6.12-க்குத் தாண்டும்போது உடையக்கூடும் என்றே திட்டமிடுங்கள். பயனர் நிரல்களுக்கான இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் கண்டிப்பான விதி. உள்ளே டிரைவர்களுக்கான இடைமுகத்துக்கு அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது. ரீபூட்டுக்கு முன் "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" பாருங்கள், புதிய பதிப்பின் எதிரில் "இன்ஸ்டால்ட்" என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் ஹெடர்ஸ் பேக்கேஜ் வராததுதான் காரணமாக இருக்கும். "லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64" மெட்டா பேக்கேஜையும் போட்டுவையுங்கள்.

---

கரிசல்

மூவருக்கும் நன்றி. டிபிகேஜி வழியில் /பூட் சரியாகிவிட்டது, ஜோடிகள் எல்லாம் பொருந்துகின்றன. கம்பைல் வேண்டாம், பேக்போர்ட்ஸ் போதும் என்று முடிவு. இனி அந்தத் தொலைவுச் சர்வர். தனி பார்ட்டிஷனை விட்டுவிட்டு /பூட்டை எல்விஎம் ரூட்டுக்குள்ளேயே ஓர் அடைவாக வைத்துவிட்டால் இடப் பிரச்சினை நிரந்தரமாகத் தீருமே? கிரப்புக்கு எல்விஎம் படிக்கத் தெரியும் அல்லவா?

---

நொய்யல்

படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. தொலைவு மெஷினுக்கு அந்த வேறுபாடுதான் உயிர். அந்தச் சர்வரில் மட்டும் தனி பார்ட்டிஷனை விடாதீர்கள்.

காரணம் இது. ஆளில்லா மெஷினில் புதிய கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் பூட் செய்து, தோற்றால் தானாகப் பழையதற்குத் திரும்பும்படி அமைக்க வேண்டும். அதைச் செய்வது "கிரப்-ரீபூட்". அது "/பூட்/கிரப்/கிரப்என்வ்" கோப்பில் "நெக்ஸ்ட்_என்ட்ரி" என்று எழுதிவைக்கும். அடுத்த பூட்டில் கிரப் அதைப் படித்து, உடனே அதை அழித்துவிட்டு, புதிய கெர்னலைத் தொடங்கும். அழித்ததால்தான் அதற்கடுத்த பூட் பழைய கெர்னலுக்குப் போகும். /பூட் எல்விஎம், சாஃப்ட்வேர் ரெய்டு, பிடிஆர்எஃப்எஸ் இவற்றின் மேல் இருந்தால் கிரப்பால் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. பேனிக் ஆகிற கெர்னலையே திரும்பத் திரும்ப எடுக்கும், நீங்கள் பஸ் ஏற வேண்டியதுதான். சாதாரண பார்ட்டிஷனில் எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்4 என்றால் கவலையில்லை.

அமைக்கும் முறை: "/எட்ச்/டிஃபால்ட்/கிரப்" கோப்பில் "கிரப்_டிஃபால்ட்=சேவ்ட்" என்று மாற்றி, கெர்னல் கட்டளை வரியில் "பேனிக்=30" சேர்த்து, "அப்டேட்-கிரப்" ஓட்டுங்கள். "கிரப்.சிஎஃப்ஜி" கோப்பில் "மெனுஎன்ட்ரி_ஐடி_ஆப்ஷன்" என்று தேடினால் ஒவ்வொரு கெர்னலின் அடையாளமும் கிடைக்கும். உள்மெனுவின் அடையாளம், பிறகு ">" குறி, பிறகு கெர்னலின் அடையாளம் என்று சேர்த்து எழுத வேண்டும். "1>2" என்று எண்ணாகக் கொடுக்காதீர்கள்; இன்னொரு கெர்னல் வந்து சேர்ந்தால் எண் நகர்ந்துவிடும். பழையதை "கிரப்-செட்-டிஃபால்ட்" மூலமும் புதியதை "கிரப்-ரீபூட்" மூலமும் குறித்துவிட்டு, "கிரப்-எடிட்என்வ் லிஸ்ட்" கொடுத்தால் இரண்டும் சரியான வரியில் இருக்கிறதா என்று தெரியும். பழைய கெர்னல் பேக்கேஜை "அப்ட்-மார்க் மேனுவல்" செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பும் வழியை ஆட்டோரிமூவ் ஒருநாள் அழித்துவிடும்.

"பேனிக்=30" இரட்டை வேலை செய்யும். கெர்னல் பேனிக் ஆனால் 30 நொடியில் ரீபூட். ரூட் கிடைக்காமல் இனிட்ராம்எஃப்எஸ் தன் ஷெல்லில் விழும் நிலையிலும், டெபியனில் இந்த மதிப்பு இருந்தால் ஷெல்லுக்குப் பதில் ரீபூட் நடக்கும்.

ஆனால் கெர்னல் நன்றாக எழுந்து, நெட்வொர்க் மட்டும் வராமல் போனால் பேனிக் எதுவும் இல்லை, மெஷினும் உங்கள் கைக்கு எட்டாது. உங்கள் விஷயத்தில் நெட்வொர்க் கார்டுக்காகத்தான் மாறுகிறீர்கள் என்பதால் இதுதான் நடக்க வாய்ப்புள்ள தோல்வி. அதற்கு ஒரு சிஸ்டம்டி டைமர்: பூட் ஆகி 10 நிமிடம் கழித்து கேட்வேக்கு 5 பிங், ஒன்றுகூடத் திரும்பாவிட்டால் "சிஸ்டம்சிடிஎல் ரீபூட்". "நெக்ஸ்ட்_என்ட்ரி" அதற்குள் அழிந்திருக்கும் என்பதால் பழைய கெர்னலுக்கே வரும். புதிய கெர்னல் நிலைத்துவிட்டது என்று உறுதியானதும் டைமரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்விட்ச் ஒன்று செத்தாலும் சர்வர் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். கெர்னல் மாறும்போது இடைமுகப் பெயரும் மாறக்கூடும், "/எட்ச்/சிஸ்டம்டி/நெட்வொர்க்" அடைவில் மேக் முகவரியைக் கொண்டு பெயரைக் கட்டிப்போடும் ".லிங்க்" கோப்பு ஒன்றை ரீபூட்டுக்கு முன்பே எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்துவிடுங்கள்.

---

கரிசல்

கைக்கு எட்டும் சர்வரில் 6.12 எழுந்தது, திரும்பும் வழியும் சோதித்தாகிவிட்டது. ஆனால் பழைய ரியல்டெக் போர்ட் (ஆர்8169 டிரைவர்) அதிகப் பளுவில் விழுகிறது. பதிவில் "நெட்டெவ் வாட்ச்டாக்... டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்ட் அவுட்". 6.1-ல் இது இல்லை.

---

பனையோலை

முதலில் மலிவான சோதனை: "பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்" என்று கட்டளை வரியில் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். ஏஎஸ்பிஎம் என்பது பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பு; இந்த டிரைவரில் அதுதான் முதல் சந்தேகம். நின்றுவிட்டால் காரணத்தின் திசை தெரிந்துவிட்டது. அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

பிறகு "கேட் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெயின்டெட்". கெர்னலில் வெளி மாட்யூல் போன்றவை கலந்திருக்கிறதா என்று இது காட்டும். 0 வந்தால் நல்லது. 4097 என்றால் மூடிய உரிமம் கொண்ட வெளி மாட்யூல் ஏறியிருக்கிறது. 12288 என்றால் கையொப்பமில்லாத வெளி மாட்யூல். அவை இல்லாமல் பூட் செய்து பிழையை மறுபடி வரவழையுங்கள். அந்த நிலையில் அனுப்பும் அறிக்கையைத்தான் டெவலப்பர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

நேராக "கிட் பைசெக்ட்" (மாற்றங்களை, அதாவது கமிட்களை, பாதிபாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த இடத்தைத் தேடுவது) போகாதீர்கள். 6.1-க்கும் 6.12-க்கும் நடுவே பதினொரு பதிப்புத் தாண்டல், ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் கமிட். 17 முறை கட்டிப் பூட் செய்ய வேண்டிவரும். ஸ்னாப்ஷாட்.டெபியன்.ஆர்க் தளத்தில் இடைப்பட்ட கெர்னல்கள் கட்டியபடியே கிடைக்கும். 6.6 போட்டுப் பாருங்கள். நன்றாக ஓடினால் 6.9, கெட்டால் 6.4 என்று நாலு ரீபூட்டில் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்குள் சுருக்கிவிடலாம். அதன் பிறகு பைசெக்ட் தொடங்கினால் 14 சுற்று. இங்கேதான் தறி சொன்ன லோக்கல்மாட்கான்ஃபிக் பயன்படும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பளு, ஒரே அளவு நேரம் கொடுங்கள். 20 நிமிடத்தில் விழும் பிழை என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கினால்தான் "குட்" என்று குறியுங்கள். ஒரே ஒரு தவறான "குட்" போதும், தேடல் முழுக்கச் சம்பந்தமில்லாத கமிட்டில் போய் நிற்கும். கட்டவே முடியாத இடம் வந்தால் ஊகிக்காமல் "கிட் பைசெக்ட் ஸ்கிப்".

ரியல்டெக் அடைவுக்கு மட்டும் தேடலைச் சுருக்கலாம் என்று தோன்றும். ஏஎஸ்பிஎம் பிசிஐ பகுதியில் இருப்பது. காரணம் அங்கே இருந்தால் தவறான விடைதான் கிடைக்கும்.

கமிட் கிடைத்ததும் "ஸ்கிரிப்ட்ஸ்/கெட்_மெயின்டெய்னர்.பிஎல்" யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும். ரெக்ரஷன்களுக்கான (முன்பு சரியாக ஓடியது புதிய பதிப்பில் கெடுவது) மடற்குழுவையும் நகலில் சேருங்கள். மடல் வெற்று உரையாக இருக்க வேண்டும். ஹெச்டிஎம்எல் மடலை அந்தச் சர்வர் தள்ளிவிடும். உள்ளே "#ரெக்ஸ்பாட் இன்ட்ரடியூஸ்ட்:" என்று தொடங்கும் ஒரு வரியில் கமிட்டின் எண்ணைத் தாருங்கள் (அந்த வரி ஆங்கில எழுத்தில்), தீரும்வரை அது கண்காணிப்புப் பட்டியலில் நிற்கும். கூடவே "எல்எஸ்பிசிஐ -என்என்கே" காட்டும் கார்டின் எண், "ஜர்னல்சிடிஎல் -கே" முழுதாக. பிழை வரியை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். அதற்கு முன்னால் வந்த ஐம்பது வரியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.